குளம், பதினாறு மேடு, ஏழு வாத்து

செப்டம்பர் 2

என் வகுப்பு ரோடெல் குளத்துக்குள் கையை விட்டு ஒரு ஜிலேபி மீனைப் பிடித்துக் காட்டினான். ஜூலையில் விடும்போது சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இன்று என் நடுவிரலைத் தாண்டிவிட்டது.

பள்ளிக்குப் பின்னால் ஜூன் வரை இருந்தது முழங்கால் சேறும் உடைந்த நாற்காலிகளும் கொசுவும்தான். ஒன்பதாம் வகுப்பு முப்பத்தொரு பேரும் தோண்டினோம். தோண்டிய இடம் குளம். அள்ளிப்போட்ட மண் பதினாறு மேடு. சர்க்கரைவள்ளி, கத்தரி, காராமணி. ஏழு வாத்து. கைக் கொப்புளம் ஆறுவதற்குள் என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். "ஜெனலின்தான் நல்லாக் கத்துவா" — ரோடெல் சொன்ன ஒரே தகுதி.

அக்டோபர் 6

முதல் காராமணி! சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மதியச் சோற்றோடு போனது. ஒவ்வொரு தட்டையும் எட்டிப் பார்த்தேன், வெட்கமே இல்லாமல்.

அக்டோபர் 20

எங்கள் சமர் தீவின் பள்ளித் தோட்டப் போட்டியில் எங்களைச் சேர்த்துவிட்டார் ஃபெலிசா டீச்சர். அடுத்த மாதம் நடுவர்கள் வருவார்கள். முதல் பரிசு தண்ணீர் பம்ப்பு. பம்ப்பு! இப்போது வாளி வாளியாகச் சுமக்கிறோம்.

நவம்பர் 12

புயல் நாளை கரையைக் கடக்குமாம். ரோடெலின் அப்பா தந்த வலையைக் குளத்தின் மேல் விரித்து, சுற்றிலும் கல் வைத்தோம். வாத்துகளை வகுப்பறைக்குள் அடைத்தோம். ஒன்று டீச்சர் மேசையிலேயே கழித்துவிட்டது. "பரவால்ல, உங்களைவிடச் சத்தம் கம்மிதான்" என்றார் டீச்சர்.

நவம்பர் 14

உயிரோடு இருக்கிறோம். வீட்டுக் கூரை போய்விட்டது. அம்மாவும் நானும் பள்ளியில்தான். எங்களோடு சேர்த்து முப்பத்தெட்டுக் குடும்பம் இங்கே.

கத்தரி இல்லை. காராமணிப் பந்தல் இல்லை. ஆனால் வலை தாங்கியது — மீன் அப்படியே இருக்கிறது! சர்க்கரைவள்ளி மண்ணுக்குள் பத்திரம்.

நவம்பர் 16

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

பாலம் உடைந்ததால் லாரி எதுவும் வரவில்லை. நேற்று மாலையோடு அரிசி தீர்ந்தது. மலை வழியாக நடந்து வந்த ஒருவர், இந்தப் பக்கத்துப் பள்ளித் தோட்டம் எல்லாம் கடலோடு போய்விட்டது என்றார். என் மனதில் முதலில் என்ன தோன்றியது? ஐயோ பாவம் என்றா? இல்லை. அப்படியென்றால் பம்ப்பு நமக்குத்தான்.

காலையில் வகுப்பைக் கூட்டினார் டீச்சர். "தோட்டம் உங்களோடது. எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், எடுக்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

ரோடெல் உடனே எழுந்தான். "எடுத்திடலாம் டீச்சர்."

"அஞ்சு மாசம்டா!" என்று கத்தினேன். "நடுவருங்க வந்து எதப் பாப்பாங்க? லாரி நாளைக்கு வந்துட்டா?"

"வரலைன்னா?"

"பாதி எடுக்கலாம்..."

"எந்தப் பாதிக் குடும்பத்துக்கு ஜெனலின்? நீயே பேரச் சொல்லு."

வெளியே வந்து மேட்டின் ஓரம் உட்கார்ந்தேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெயர்கூடத் தெரியாது, காலித் தட்டோடு வந்து நின்றாள். "அக்கா, இன்னிக்கு ஸ்கூல் சோறு உண்டா?"

அவ்வளவுதான். முதல் கொடியை நான்தான் பிடுங்கினேன். ஒரே கொடியில் ஐந்து கிழங்கு, ஒன்று என் முழங்கை நீளம். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கிழங்கை அவித்தோம், இலையை வதக்கினோம், மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டோம். வாத்து முட்டைகள் எங்களோடு தங்கியிருந்த நிறைமாதக்காரி ஒருத்திக்கு. முப்பத்தெட்டுக் குடும்பமும் சாப்பிட்டது. அம்மா தன் தட்டிலிருந்த மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நவம்பர் 19

லாரி வந்தது. குளத்தில் மீன் இல்லை. மேட்டில் கிழங்கு இல்லை.

டிசம்பர் 3

போட்டியைத் தள்ளித்தான் வைத்திருந்தார்கள், நிறுத்தவில்லை. மூன்று நடுவர்கள் வெறும் மேடுகளைச் சுற்றி வந்தார்கள். கண்ணாடி போட்டவர் கேட்டார்: "பயிர் எங்கம்மா?"

"சாப்பிட்டாச்சு சார்."

"யாரு?"

"எல்லாரும்."

அவர் குனிந்து ரொம்ப நேரம் எழுதினார். நான் தலை குனியவில்லை.

டிசம்பர் 10

பரிசு தீவின் மறுபக்கத்துப் பள்ளிக்கு. புயல் அங்கே எட்டவில்லை. ரோடெல் வாளியை என் கையில் திணித்தான். "வா தலைவி, நம்ம பம்ப்பு இதுதான்." திட்டிக்கொண்டே போனேன்.

டிசம்பர் 13, சனி

மறுபடி கொடி நட வந்தால், வாசலில் கூட்டம். பள்ளியில் தங்கியிருந்த பெண்கள். பிடுங்கும்போது வெட்டிப்போட்ட கொடித் துண்டுகளை எடுத்துப்போய் வீட்டோரம் நட்டு வைத்திருந்தார்களாம். மலைக்கு அப்பாலிருக்கும் சொந்தக்காரர்களிடமும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. சிலர் மண்வெட்டியோடு.

பதினாறு மேடும் காலை பத்து மணிக்குள் நிரம்பிவிட்டது. கட்டுகளில் பாதி இன்னும் மிச்சம்.

முன்னால் அம்மா நின்றாள், தலையில் கொடிக்கட்டு, கழுத்தெல்லாம் சேறு. "என்னடி பாத்துக்கிட்டே நிக்கறே? நீதானே தலைவி. எங்க நடணும், சொல்லு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இந்த முறை கத்தாமல் கையை நீட்டிக் காட்டினேன் — வேலிக்கு அந்தப் பக்கம், இன்னும் யாரும் தோண்டாத சேற்று நிலம்.