முருங்கை மரத்தடியில் லத்தி

12.8.2006, சனி
முடிச்சூர்

மாடியில் குடியிருக்கும் கான்ஸ்டபிளின் மனைவி, எங்கள் முருங்கையில் காய் பறிக்க இன்று அவருடைய லத்தியையே எடுத்து வந்துவிட்டாள். போன மாதம் ரயிலடியில் போலீஸ் பழக்கடைகளை விரட்டியபோது முட்டியில் லத்தியடி வாங்கியவர், அங்கே கடை போட்டிருந்த என் வீட்டுக்காரர். லத்தியைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கான்ஸ்டபிளே இறங்கி வந்தார். "அண்ணா, அன்னிக்கு எனக்கு வேற டூட்டி. ஆனா அங்க இருந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன். அதான் மனசு கேக்கல."

இவர் மரத்தடியில் அவள் போட்டுவிட்டுப் போன லத்தியைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ லேசாவா இருக்கு?"

கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டார். இவர் உச்சிக்கிளைக் காய்கள் நாலைத் தட்டி, லத்தியோடு சேர்த்து அவரிடம் நீட்டினார். எம்பித் தட்டும்போது அடிபட்ட காலையும் ஊன்றினார். இவருக்கே தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.