மாடிக்கு வரும் காக்கைகள்

என் ரேவதி அக்காவுக்கு,

உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த பிறகு அம்மா சிரித்ததே இல்லை. இப்போது சிரிக்கிறாள். ஆனால் நல்ல சேதி இல்லை அக்கா.

உனக்குப் படையல் போட்ட அன்று வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு எல்லாம் செய்தாள். குத்துச்சண்டைக்கு எடை குறைக்கிறேன் என்று கடைசி வருஷம் நீ தொடாமல் விட்ட அத்தனையும். ஒரு காக்கைகூட வரவில்லை. மணலி ஆலைப் புகைக்குக் காக்கை எங்கே வரும் என்று சமாதானம் சொன்னேன், அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மாடியில் ஒரு பிடி சோறு வைக்கிறாள்.

கொஞ்ச நாளாக மத்தியானம் ஆனால் மாடி முழுக்கக் காக்கை. ஒரு பிடி சோற்றுக்கா இவ்வளவு கூட்டம்?

"அக்கா வந்துகிறாடா," என்றாள் அம்மா. "உசுரோட இருக்கச்சே துன்னாதவ, இப்பதான் வயிறார துன்றா."

நானும் நம்பினேன். நேற்று கன்டெய்னர் யார்டில் வேலை சீக்கிரம் முடிந்து மாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நம் தங்கை சுபா. தனக்கு அம்மா போட்ட சாப்பாட்டைக் காக்கைகளுக்குத் தட்டோடு கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொளுத்தும் வெயிலில் உன் ட்ராக் சூட் மாட்டியிருந்தாள். உன் கடைசி நாளில்கூட அது உனக்கு அவ்வளவு தொளதொளவென்று இல்லை.

நீ ஆடிய அதே எடைப் பிரிவில்தான் இப்போது அவள். அக்கா மாதிரியே வருவாள் என்று கோச் பெருமையாகச் சொல்கிறாராம். எடை பார்க்கும் இடத்தில் நீ சுருண்டு விழுந்ததை அந்த ஆள் மறந்துவிட்டாரா?

சுபாவின் கையைப் பிடித்தேன். வெறும் குச்சி. அவள் பயப்படவே இல்லை.

"அம்மாகைல சொல்லாதண்ணா. சொன்னா, அம்மாவுக்கு அக்கா மறுபடி செத்துடுவா."

போட்டி முடியட்டும், மூக்குமுட்டத் தின்கிறேன் என்கிறாள். நீயும் இதைத்தானே சொன்னாய்? எந்தப் போட்டி முடிந்தது அக்கா?

அடுத்த வாரம் அவளுக்கு எடை பார்க்கிறார்கள். அம்மா உனக்கென்று இறால் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருக்கிறாள். கூடையை இறக்கியதும் சொல்லிவிடுவேன். உன்னை அம்மாவிடமிருந்து மறுபடி பறிக்கப்போவது நான்தான், கோபித்துக்கொள்ளாதே. சுபாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட வைப்பேன். இனி மாடிக்கு அவள் சோறு போகாது, இது சத்தியம்.

உனக்குப் பசித்தால் பொறுத்துக்கொள் அக்கா. அவளைத் துணைக்குக் கூப்பிடாதே.

நீ தள்ளிவிட்ட வறுவலையெல்லாம் தின்றே கொழுத்த உன் தம்பி,
குமார்