திங்கட்கிழமைக் குட்டிகள்

என் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

நீ அங்கே நலமாக இல்லை என்று தெரியும், அதனால் நலமா என்று கேட்கவில்லை. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் பழையபடிதான். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். உன் அம்மாவை எழுதச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர் அந்தக் காலத்தில் செய்த சோதனையை இரண்டு வருஷமாக அப்படியே செய்கிறாய். எலிக்குட்டி பிறந்த மறுநாள் அதன் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுக்கிறாய். அவருடைய எலிகள் வளர்ந்தபின், நோயை எதிர்க்க வேண்டிய அணுக்கள் சொந்த உடம்பையே எதிரி என்று கடித்தனவாம். உன் எலிகளோ ஒரு குறையும் இல்லாமல் ஓடித் திரிகின்றன. அவருக்கு எழுதிக் கேட்டதற்கு, "சோதனையில கோளாறு இல்லம்மா, உன் கையிலதான் கோளாறு" என்று பதில் போட்டாராம். மாசக் கடைசியில் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றாய். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைப் பூட்டினேனா என்று நாலு தடவை எழுந்து பார்க்கிறேன்.

அந்த மனிதரை எனக்குத் தெரியாதா? அவர் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் எலிக்கூண்டு கழுவியவள். கூண்டு அட்டையில் ஏழு என்ற எண்ணை ஒன்று மாதிரி எழுதிவிட்டேன் என்று எட்டுப் பேர் முன்னால், "கூண்டு கழுவுற கைக்குப் பேனா எதுக்கு?" என்று கேட்டார். ஜன்னலோரம் நின்ற நெட்டை உதவியாளர் சிரித்தார். அவரையும் நான் மறக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று லிஃப்ட் ஓட்டியவர் வரைக்கும் நன்றி சொன்ன பெரியவர், என்னைத் தாண்டிப் போனார்.

அவரைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு காகிதம் திட்டியே தீர்ந்தது. மூன்றாவதில் அந்த அட்டைகள் வந்து நின்றன. நான் எதையும் மறப்பவள் இல்லை. இதை மட்டும் எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தேன்.

குட்டி போட்ட தேதியை அட்டையில் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை நடந்தது நீ பிறந்த வருஷம். உன் அம்மாவுக்கு அப்போது ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரி டூட்டி. உன்னை வைத்துக்கொள்ள ஆளில்லை. சனிக்கிழமை மாலையே தீனியும் தண்ணீரும் கூடுதலாக வைத்துவிட்டு, மறுநாள் போகாமல் இருந்துவிடுவேன். திங்கள் காலை கூண்டைத் திறந்தால் குட்டிகள் கிடக்கும். அன்று பிறந்த குட்டி ரத்தச் சிவப்பாக இருக்கும். இவை வெளிறியிருக்கும். சனிக்கிழமை ராத்திரியே பிறந்தவை என்று பார்த்ததுமே தெரியும். சனி என்று எழுதினால், அதை ஏன் நேற்றே எழுதவில்லை என்று கேட்பார்கள். திங்கள் என்று எழுதினேன். ஒரு வாரம் இல்லை, அந்த வருஷம் முழுக்க.

பெரியவர் அறுவை செய்வது செவ்வாய்க்கிழமை மட்டும். பிறந்த மறுநாள் என்று நம்பி அவர் எடுத்ததெல்லாம் பிறந்து மூன்று நாளான குட்டிகள். இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தச் சுரப்பியிலிருந்து முதல் சில நாட்களில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு அணுக்கள் கிளம்பும் என்று பிற்பாடு நீதான் சொன்னாய். அப்போதும் நான் தலையாட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

உன்மேல் பழி போடுவதாக நினைக்காதே. தொட்டிலில் கிடந்தவளுக்கு என்ன தெரியும்.

ராஜினாமாக் கடிதத்தை மேசைக்குள் வை. பிறந்து மூன்று நாளான குட்டியில் ஒரு தடவை செய்து பார். அவருக்கு வந்த முடிவு உனக்கும் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு எழுது. உன் கையும் சரி, அவர் கையும் சரி, அட்டை எழுதிய கைதான் தப்பு என்று எழுது. அது யார் கை என்று சொல்லத் தயங்காதே. பேனா எதுக்கு என்று கேட்டாரே, அதை மட்டும் இப்போதும் மன்னிப்பதாக இல்லை. அதையும் வேண்டுமானால் எழுது.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்வாய். இந்த வாரம் வேண்டாம். கூண்டுக்குப் போ. யார் எழுதிய அட்டையையும் நம்பாதே. நீயே திறந்து குட்டியின் நிறத்தைப் பார்.

நல்லா இரு, கண்ணு.

உன் பாட்டி