பெரிய வெள்ளியில் ஸ்க்ரூ முடுக்கக் கூடாது

நெல்லித்தோப்பு,
பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிறு, சாயங்காலம்

அன்புள்ள ஜெர்லினுக்கு,

உன் மாமா தனிஸ்லாஸ் ஆண்டவர் புண்ணியத்தில் நல்ல சுகத்தோட இருந்து எழுதுறது. உங்கம்மாவும் சுகம்தான், முழங்கால் வலி மட்டும் மாடி ஏறும்போது ஞாபகத்துக்கு வருது, இறங்கும்போது மறந்துடுது. லியோன்ல இப்ப குளிர் விட்டிருக்கும், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமா இருப்பேன்னு நம்புறோம். போன்ல சொன்னா பாதியில வச்சிடுற, அதனாலதான் அங்க வர்றதுக்கு நாளைக்கு ப்ளேன் ஏறுற நம்ம ஜூலியன் கையில இந்தக் கடிதத்தைக் குடுத்தனுப்புறேன். கவர்ல ஏதோ உருளுதேன்னு பயப்படாதே, அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க, இங்க நடந்தது அத்தனையும் தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன் அன்னைக்கே நான் சொன்னதுதான். உங்கம்மா கம்ப்யூட்டர் கட்டுவா, அது ஒரு தடவை படுக்கும், மூணாம் நாள் எழுந்திருக்கும்னு சொன்னேன். யாரும் சாட்சி இல்ல, அது என் தப்பு இல்ல.

நீ ரெடிமேடா ஒரு லேப்டாப் வாங்கிக்க அம்மான்னு சொன்னே, நல்ல மனசுலதான் சொன்னே. ஆனா ஸ்டுடியோவில இருபது வருஷம் கல்யாண ஆல்பம் பண்ணினவ, வீடியோ வெட்டி ஒட்டுற லேப்டாப்புக்கு எவ்வளவு கேக்குறான்னு விசாரிச்சிட்டு, அந்த விலையில பாதிக்கு நானே கட்டிக்கிறேன்னு உட்கார்ந்துட்டா. சீட்டு எடுத்த நாற்பத்தஞ்சாயிரம், அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. மளிகை நோட்டுல துவரம்பருப்பு, புளி, அதுக்குக் கீழ ப்ராசஸர், மதர்போர்டுன்னு எழுதி வச்சிருந்தா. ஜூலியனோட பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்ததே, அந்த வீடியோதான் அவளுக்கு வீட்டுல வந்த முதல் ஆர்டர். திங்கக்கிழமை அவங்க கிளம்புறதுக்குள்ள குடுத்தாகணும். குடுக்கலன்னா வீட்டைப் பூட்டிக்கிட்டு லியோனுக்கு வந்துடணும்னு நீ போட்ட நிபந்தனையையும் அவ சொன்னா. சொல்லும்போது சிரிச்சா, ஆனா அன்னைக்கு ரசத்துல உப்பே போடல.

சாமான் தேர்வுல என் பங்கு பெரிசு. நான் எட்டாவதோட நிறுத்தினவன்தான், ஆனா முப்பது வருஷம் மைக் செட்டும் சீரியல் லைட்டும் போட்டவன், பிள்ளைச்சாவடித் திருவிழாவுல கடல் காத்துக்கு மொத்தக் கரண்டும் போனப்ப ஒரே ஒயர்ல தேரையும் கோயிலையும் எரியவிட்டவன். ஒரு வெள்ளைக்காரன் என் கையைப் பிடிச்சு மெர்சி மெர்சின்னு நன்றி சொல்லி அழுதான். அந்த அனுபவத்துல சொல்றேன், கம்ப்யூட்டருக்கு அழகு முக்கியம்னு அவகிட்ட வாதாடினேன். ஏழு கலர்ல எரியுற ஃபேனும் கண்ணாடிக் கதவும் இருக்கிற கேபினெட்டைக் காட்டினேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்து, இது என்ன தேர்பவனிக்கா போகுது, அந்தக் காசுக்கு மெமரி ராம் இன்னொண்ணு வாங்கலாம், ராம் விலை தங்கத்தோட ஓட்டப்பந்தயம் வச்சிருக்குன்னு சொல்லிட்டு, கறுப்பா, முகமே இல்லாத ஒரு தகரப் பெட்டியை எடுத்தா. படம் காட்டுற வேலையையும் தானே சேர்த்துப் பார்க்குற ப்ராசஸரா எடுத்து, தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்னுட்டா, பின்னால கை நீளும்போது போட்டுக்கலாமாம். மிச்சம் பிடிச்சதை அப்படியே பவர் சப்ளையில போட்டா. மட்டமான பவர் சப்ளை வாங்கினா மத்த எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்திட்டுத்தான் சாகும்னு சொன்னா. இதை நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு நினைக்கிறேன். பழைய டி.வி.யே திரை, மேசை உங்கப்பா சாப்பிட்ட மேசை.

பெரிய வியாழன் மத்தியானம் கட்ட உட்கார்ந்தோம். கட்டினது அவ, டார்ச் பிடிச்சது நான், ஆனா வெளிச்சம் இல்லாம எவனாலயும் கட்ட முடியாது. ப்ராசஸரைப் பொருத்தும்போது ஜெபமாலை மணியைத் தொடுற மாதிரித் தொட்டா. எல்லாம் முடிஞ்சு சுவிட்சைப் போட்டா ஃபேன் அரைச் சுத்து சுத்திச்சு, டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், செத்துப்போச்சு. அஞ்சாறு தடவை போட்டாச்சு, அதே டிக். அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினே. ஐம்பத்தெட்டு வயசுல உனக்கு எதுக்கும்மா இது, நான் டிக்கெட் போடுறேன்னு நீ சொன்னது ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுது. சரிடி பார்க்கலாம்னு வச்சிட்டா. அப்புறம் ரொம்ப நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தா, கையில ஏதோ கறை இருக்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கல.

மறுநாள் பெரிய வெள்ளி, ஆண்டவரைச் சிலுவையில ஆணி அடிச்ச நாள். நம்ம வீட்டில அன்னைக்கு ஆணி அடிக்கக் கூடாது, கத்தி பிடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும், ஸ்க்ரூவும் ஆணிக்குத் தம்பிதானே, அதையும் முடுக்கக் கூடாதுன்னுட்டா. நாள் போகுதே, திங்கக்கிழமை ப்ளேனாச்சேன்னு நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், சாமி படத்தைக் கண்ணாலயே காட்டினா, வச்சிட்டேன். மூணு மணி வழிபாட்டுக்குப் போய்ச் சிலுவை முத்தி செய்துட்டு வந்தவ, வெறும் தண்ணி குடிச்சிட்டு என்கிட்ட கேட்டா, ஏண்டா தனிஸ்லாஸ், முடுக்குறதுதானே பாவம், கழட்டுறது இல்லியே, அவரையே இன்னைக்குச் சாயங்காலம்தானே சிலுவையிலேர்ந்து இறக்கினாங்கன்னு. முப்பது வருஷம் கோயில்ல மைக் போட்டிருக்கேன், இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை.

ஒண்ணொண்ணா எல்லா ஸ்க்ரூவையும் கழட்டி, மதர்போர்டை வெளியில எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலயே வச்சா. முடுக்கக் கூடாதே, அதனால பெட்டிக்குள்ள திருப்பிப் போடாம ஒயரை மட்டும் சொருகிச் சுவிட்சைப் போட்டா. ஓடிச்சு ஜெர்லின். ஃபேன் ஓடிச்சு, டி.வி.யில எழுத்து வந்துது. வெளியில உசுரோட இருக்கு, பெட்டிக்குள்ள போனா சாவுது, அப்ப தப்பு பெட்டியிலன்னு கண்டுபிடிச்சிட்டா. மதர்போர்டு தகரத்துல படாம நிக்கிறதுக்கு விரல்நுனி அளவு பித்தளைக் கால் ஆறு, முதல்ல அதைப் பெட்டியில முடுக்கிட்டு அது மேலதான் போர்டை வைக்கணுமாம். நம்ம பெட்டியில கால் இல்ல, போர்டு நேரா தகரத்து மேலயே படுத்துக் கரண்ட் அடிச்சிருக்கு. முதலியார்பேட்டைக் கடைக்காரன் புருஷோத்தமன் அந்தப் பாக்கெட்டைப் போடவே மறந்துட்டான். சனிக்கிழமை காலையில நான் போய் அவன் கடையையே ரெண்டாக்கிட்டேன். அவன் உடனே வேற ஆறு எண்ணிக் குடுத்து, டீயும் வாங்கிக் குடுத்தான், என் குரல் அப்படி.

சனிக்கிழமை மத்தியானமே கம்ப்யூட்டர் எழுந்திரிச்சுது, ஆண்டவரை விட அரை நாள் முந்திக்கிச்சு. இன்னைக்குப் பூசை முடிஞ்சு ஜூலியன் குடும்பத்தோட கேக் வாங்கிக்கிட்டு வந்து வீடியோவைப் பார்த்தார். தண்ணி ஊத்தும்போது பிள்ளை எட்டிப் பங்குச் சாமியாரோட மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குது, அந்த இடத்துல உங்கம்மா ஒரு மணிச் சத்தம் சேர்த்திருக்கா, மனுஷன் மூணு தடவை அதையே போடச் சொன்னார். பென் டிரைவ் அவர் பையில போயாச்சு. அவர் கொழுந்தியா வீட்டுப் புதுநன்மைச் சடங்கு வீடியோவுக்கும் ஆர்டர் சொல்லிட்டுப் போயிருக்கார்.

வேற விசேஷம் இல்ல. குளிர் தண்ணியில தலைக்கு ஊத்தாதே, ஞாயிறு பூசையை விடாதே, அம்மாகிட்ட பேசும்போது வயசைச் சொல்லாதே. ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் முதல் சுவிட்சுலயே எரியட்டும். இந்த வாரமே அம்மாவுக்குப் போன் பண்ணி நல்லதா நாலு வார்த்தை சொல்லு, மறக்காதே.

உன் நலம் விரும்பும் மாமா,
இ. தனிஸ்லாஸ் (சவுண்ட் & லைட்)

பி.கு. எழுதினதை உங்கம்மா வாங்கிப் படிச்சிட்டா. பேனாவை மட்டும் திருப்பி என் கையில குடுத்தா. அதனால எழுதுறேன், புருஷோத்தமன் பாக்கெட்டைப் போட்டிருந்தான். எந்தச் சாமான் பிரிச்சாலும் நாலு ஸ்க்ரூ மிச்சம் வரும், அது மெக்கானிக்கோடதுன்னு எங்க தொழில்ல வழக்கம், அப்படித்தான் அந்த ஆறு பித்தளைக் காலையும் வியாழக்கிழமை பிரிக்கும்போதே நான் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். கடையில சத்தம் போடும்போது கூட அது பையில கிலுகிலுன்னுதான் இருந்துது. சட்டையைத் துவைக்கும்போது அவளுக்குக் கிடைச்சிருக்கு, இன்னைக்குப் பிரியாணி போட்டு, ஊறுகாய் வைக்கிற இடத்துல ஆறையும் வரிசையா வச்சா. கவர்ல உருளுறது அதுல ஒண்ணு, உனக்கு அனுப்பச் சொன்னது அவதான். அவ கட்டினதுல தப்பு இல்ல, தப்பு என் சட்டையில இருந்துது. ஜெர்லின் டிக்கெட் போட்டே ஆகணும்னா தனிஸ்லாஸுக்குப் போடட்டும், எனக்கு இங்க வேலை இருக்குன்னு உங்கம்மா சொல்றா.