வகை மாறினாலும் அதே எண்

மதினி,

கையை முகர்ந்து பார்த்தேன், இன்னும் வாசனை போகவில்லை. வெளுத்து, ஆவியில் வெந்து, சூடு ஆறாமல் வெளியே வருகிற, காயத்துக்குப் போடும் காஸ் துணியின் வாசனை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் சீட்டுக் கிடைத்தும் வேடிக்கை பார்க்கத் தோன்றவில்லை. உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்கள் டேபிள் பிழைத்துக்கொண்டது.

நம் சண்டை நடந்ததும் இதே தடத்துப் பஸ்ஸில்தானே. பேண்டேஜ் கம்பெனிக்கு நாம் மென்பொருள் எழுத ஆரம்பித்த சமயம். அப்போது நீங்கள் எனக்கு அக்கா, ஆபீசில் எனக்கு மூத்தவர், அவ்வளவுதான். புரோகிராமில் ‘துணி’ என்று ஒரு தாய் கிளாஸ், பொது அச்சு மாதிரி. அதன் பிள்ளைகளாகப் பேண்டேஜ், காஸ் ரோல், காயம் துடைக்க மடித்து வைக்கிற ஸ்வாப். அதுவரை தகராறு இல்லை. இந்தக் கிளாஸ்களை, கட்டம் போட்டு விவரம் சேமிக்கிற டேட்டாபேஸ் டேபிள்களோடு கோத்துவிடுகிற வேலையை ஓ.ஆர்.எம். என்கிற இடைநிரல் பார்த்துக்கொள்ளும். எப்படிக் கோக்க வேண்டும் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்? வகைக்கு ஒரு டேபிள் என்றேன் நான். எல்லாம் ஒரே டேபிளில் கிடக்கட்டும், எது என்ன வகை என்று சொல்ல ஒரு கட்டம் இருந்தால் போதும் என்றீர்கள் நீங்கள். பேண்டேஜுக்கு மடிப்பு கிடையாது, ஸ்வாப்புக்கு ரோல் நீளம் கிடையாது, பாதிக் கட்டம் காலியாகக் கிடக்குமே, பார்க்கச் சகிக்காதே என்று நான் குதித்தேன்.

“காலிக் கட்டம் ஒங்கிட்ட சோறா கேக்குது?” என்றீர்கள்.

ஒரு டேபிளா மூணு டேபிளா என்று நாம் மல்லுக்கட்டியதைக் கேட்டு, ஓட்டல் எந்த ஊரில் போடப்போகிறோம் என்று கண்டக்டர் விசாரித்தார். நீங்கள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக் குழந்தை முழித்துக்கொண்டது.

மறுநாள் என்னைத் துணி வெட்டுகிற கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். பேண்டேஜுக்கென்று ஒதுக்கி வைத்த ஒரு லாட் துணியை அங்கே ஸ்வாப்பாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் மாறிவிட்டதாம். துணி மாறவில்லை, அது ஆகப்போகிற பொருள்தான் மாறியிருந்தது. வெளுத்த விவரம், சோதனை ரிப்போர்ட் எல்லாம் அந்த லாட்டின் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒரு டேபிளிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நட்டால் புது எண் முளைக்கும், பழசெல்லாம் அநாதையாக நிற்கும் என்றீர்கள். ஒரு பொருளின் கிளாஸை நடுவழியில் மாற்ற ஓ.ஆர்.எம். சம்மதிக்காது. அதனால் அதைச் சுற்றிக்கொண்டு, நேரே வகைக் கட்டத்தை மட்டும் மாற்றிவிடுகிற சின்ன நிரல் ஒன்றை அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து எழுதினீர்கள். சரி, உங்கள் வழியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு அது லேசில் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் என்னைக் கூட்டிப்போக வருகிற சாக்கில் எங்கள் அண்ணன் ஆபீசுக்கு நடையாய் நடந்ததும், நான் இருக்கும்போதே என்னைத் தேடியதும் ஊரறிந்த கதை. உங்கள் கல்யாணத்தன்று பந்தியில் வைத்து உங்களை ‘அக்கா’ என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். உனக்கு அக்கான்னா உங்க அண்ணனுக்கு என்ன முறைடி ஆகும் என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் மாலையோடு குனிந்து என் காதில் சொன்னீர்கள்: “கூப்பிடுத மொறதான் மாறுது. ஆளு அதே ஆளுதான்.”

காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பு கிடையாது.

இன்றைய கதைக்கு வருகிறேன். ஆபீசுக்குக் கோயம்புத்தூரிலிருந்து புது லீடர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர், அதுதான் எனக்கு வினையே. உங்கள் டேபிளைப் பிரித்து வகைக்கு ஒன்றாக்கிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றைக்கு நான் அடுக்கிய அதே காரணங்களை வரிசை மாறாமல் எனக்கே அடுக்கினார். உங்கள் கைபட்டது என்று மிச்சமிருப்பது அந்த டேபிள் ஒன்றுதான். கம்பெனிக்கு ஒரு நடை வாங்க சார், பார்த்துவிட்டுப் பிரியுங்கள் என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

போன நேரம் அப்படி. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவசரமாக ஸ்வாப் வேண்டுமாம், சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டும். கையில் இருந்ததோ சோதனை முடித்த பேண்டேஜ் லாட்தான். லீடர் தன் லேப்டாப்பில், டேபிள்களைப் பிரித்து வைத்திருந்த மாதிரியில் அதை மாற்றிப் பார்த்தார். புது எண் வந்தது. ரிப்போர்ட் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட் இல்லாத துணியை லாரியில் ஏற்றமாட்டேன் என்று கையை விரித்தார்.

நான் உங்கள் நிரலை ஓட்டினேன். வகைக் கட்டத்தில் பேண்டேஜ் போய் ஸ்வாப் வந்தது. எண் அதே எண். ரிப்போர்ட், வெளுத்த விவரம், எல்லாம் கூடவே வந்து நின்றன. அண்ணாச்சி லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கூடத்திலேயே குலவை போட வேண்டும்போல் இருந்தது மதினி.

லீடர் தன் லேப்டாப்பை மூடினார். டேபிள் இப்படியே இருக்கட்டும், எந்த வகைக்கு எந்தக் கட்டம் கட்டாயம் என்று சரிபார்க்க மட்டும் நாலு வரி சேர்த்துவிடு என்றார். அதுவும் நியாயம்தான், நாளைக்குச் சேர்த்துவிடுவேன். யார் எழுதினது என்று கேட்டார். எங்க மதினி என்றேன். எழுதும்போது நீங்கள் எனக்கு அக்கா. அதையெல்லாம் அவருக்கு எங்கே விளக்க?

என் போனில் உங்கள் எண்ணை முதலில் ‘ஆபீஸ் அக்கா’ என்று போட்டிருந்தேன், கல்யாணத்துக்கு அப்புறம் ‘மதினி’ என்று மாற்றினேன். அதை அழித்துவிடச் சொல்லி ஆளாளுக்குச் சொல்லியாயிற்று. எதற்கு அழிக்க?

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் அண்ணன் வண்டியோடு நிற்கிறான். நீங்கள் போனதிலிருந்து அவன் முகம் அப்படியேதான் இருக்கிறது. இறங்கியதும் அவனிடம் முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்லப்போகிறேன்: “அண்ணே, மதினி இன்னைக்கு ஒரு லாரிய அனுப்பி வச்சிருக்காவ.”