தூக்குவாளியில் வந்த செம்பருத்தி

என் பிரியத்துக்குரிய அக்கா, பக்கத்து அடுப்பங்கரையிலிருந்து நாளெல்லாம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவரே,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? ஆடி மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "நெஞ்சு என்னமோ பண்ணுதுடி" என்று உட்கார்ந்தீர்கள். மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துபோனது. பொங்கி வழிந்த பாலை நான்தான் துடைத்தேன்.

இப்போது ஐப்பசி. குறுவை அறுத்தாயிற்று. உங்கள் கொழுந்தனார் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காவல் கிடக்கிறார். ஈரத்தோடு வருகிறார், இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடுகிறார். ஆனால் நீங்கள் கேட்பது நெல்லைப் பற்றி இல்லை, உங்கள் வீட்டுக்காரரை, மாமாவைப் பற்றி. எனக்குத் தெரியாதா?

அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு வந்தோம் நாம் இரண்டு பேரும். வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார்கள். கொல்லையை மட்டும் பிரிக்க விடாமல் பார்த்துக்கொண்டோம். உறைமோர், புளி, காபித்தூள் என்று உங்கள் வீட்டில் தீர்ந்தது என் வீட்டிலிருந்தும், என் வீட்டில் தீர்ந்தது உங்கள் வீட்டிலிருந்தும் வந்துகொண்டே இருந்தன. பாத்திரத்தை மட்டும் ஒருநாளும் வெறுமனே திருப்பித் தர மாட்டீர்கள். கழுவித் துடைத்து அடியில் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவீர்கள்.

மாமாவுக்கும் எனக்கும் பேச்சு ஏது? புருஷனுக்கு அண்ணன் எதிரே நின்று பேசக் கூடாது என்று இந்த வீட்டில் காலடி வைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருப்போம். "மோட்டார நிறுத்தச் சொல்லு அவள" என்பார் உங்களிடம். "நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்கக்கா" என்பேன் நான். "ஏன்டி, நான் என்ன தபால்காரியா?" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஆனாலும் எதையும் விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்வீர்கள்.

நீங்கள் போன பிறகு யார் சொல்வது? "சோறு நானே வச்சுக்கறேன், கொழம்பு மட்டும் குடுக்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். சரி என்று தினமும் தூக்குவாளியில் குழம்பு ஊற்றிக் கொல்லைப் படியில் வைத்துவிட்டு, சுவரில் கரண்டியால் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். சாயங்காலம் கழுவின வாளி அதே படியில் இருக்கும். அடியில் சர்க்கரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது அக்கா. உங்கள் பழக்கத்தை மனுஷர் விடாமல் வைத்திருக்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

பிறகு சர்க்கரை வரவில்லை, கல்லுப்பு வந்தது. அதற்கப்புறம் முருங்கைக்கீரை. ஒருநாள் செம்பருத்திப் பூ. "ஒங்க அண்ணனுக்கு வந்த ரசனையப் பாருங்க" என்று உங்கள் கொழுந்தனாரிடம் சிரித்தேன். பூவைச் சாமி படத்துக்கு வைத்தேன். டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன, அதனால்தான் கொல்லையிலிருந்து பறித்துப் போடுகிறார் என்று யாருக்குத் தோன்றும்? தகரக் கூரையில் மழை இரைச்சல் வேறு. அந்தப் பக்கத்துக் குக்கர் சத்தம் போடுவதே இல்லை என்பதுகூட உறைக்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் வாளி வெறுமனே இருந்தது. கழுவிக்கூட வைக்கவில்லை. படியிறங்கினால் வாழை அடியில் கறிவேப்பிலையும் கடுகுமாக என் குழம்பு கொட்டிக் கிடந்தது. எந்த மரியாதையும் அப்போது நினைவில் இல்லை. உங்கள் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பாத்திரம் தேய்க்கும் பவுடர்கூட இல்லாத அடுப்பங்கரை. அரிசி மூட்டை மட்டும் வாய் பிரிக்காமல் கிடந்தது. மாமா உள் அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார், நம் போர்வையைப் போர்த்திக்கொண்டு. நைந்துபோன என் நூல்சேலையும் உங்கள் நூல்சேலையும் அடுக்கடுக்காக விரித்து, சித்திரையில் தைக்க ஆரம்பித்தோமே, அதுதான். நூல்கண்டு தீர்ந்ததும் அப்போது பிரித்த அரிசி மூட்டை வாயில் உருவின நூலைக் கோத்துப் பாதி வரைக்கும் தைத்திருந்தீர்கள். தைத்த பாதி நெஞ்சின் மேல் ஒன்றாக இருந்தது. தைக்காத பாதி தனித்தனிச் சேலையாகச் சரிந்து, கால் இரண்டும் குளிரில் வெளியே கிடந்தன. ஊசியை நீங்கள் குத்தின இடத்திலேயே விட்டிருக்கிறார். முழங்கை நெடுக அது கீறின கீறல், அக்கா. பார்க்கச் சகிக்கவில்லை.

"மாமா, எழுந்திரிங்க. சாப்பிட்டீங்களா, இல்லையா?" என்று கத்தினேன். அவரிடம் நான் நேராகப் பேசின முதல் பேச்சு இது.

பதில் சொல்ல வாயெடுத்தவர், பக்கவாட்டில் திரும்பினார். என்னிடம் சொல்லச் சொல்லி உங்களைத் தேடினார் அக்கா. நீங்கள் இல்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

"கேஸ் தீந்துபோச்சும்மா" என்றார்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்றது?"

சிலிண்டர் பதிவு உங்கள் போன் நம்பரில் இருக்கிறது. அந்தப் போனைக் காரியத்தன்றே அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். திறந்தால் உங்கள் போட்டோ வரும் என்று பயம். சிங்கப்பூரிலிருந்து உங்கள் பிள்ளை இவர் போனில் கூப்பிடும்போதெல்லாம் "எல்லாம் இருக்குப்பா" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார். பொரியும் தண்ணீருமாக இருந்திருக்கிறார், பிறகு அதுவும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷரா? இவரோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணினீர்கள்?

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. "பட்டினிதான் வியாதி, சாப்பிட வையுங்க" என்றார் டாக்டர். சொல்வது சுலபம். தட்டை எதிரே வைத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "சாப்பிட்டு என்னம்மா ஆவப்போவுது?" என்கிறார். சண்டை இல்லை, பிடிவாதம்கூட இல்லை. நிஜமாகவே கேட்கிறார். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்குமோ?

மீதிப் போர்வையைத் தைத்துத் தருகிறேன் என்றேன். "வேணாம்மா, அவ விட்ட எடத்துலயே இருக்கட்டும்" என்றார். ஊசியையும் எடுக்க விடவில்லை. கடைசியில் அதன் முனையில் துணிச்சுருள் ஒன்றை வைத்துக் கட்டிவிட்டு, கால்மாட்டுக்கு என் கம்பளியைப் போட்டுவிட்டு வந்தேன்.

அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள், தெரியும். புருஷனுக்கு மூத்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறேனாம் நான். கேட்கத்தான் செய்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெருவுக்குக் கேட்கும்படி கூவுகிறேன். உப்பு இருக்கா மாமா, புளி இருக்கா மாமா, தட்டு காலியாச்சா மாமா? காலியாகவில்லை என்றால் கிளம்பிப் போய் எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று இரண்டு தோசை உள்ளே போனது.

சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பசித்துச் சாப்பிடவில்லை அவர், உயிர் வாழ வேண்டும் என்றும் சாப்பிடவில்லை. நான் கத்துவேனே என்று சாப்பிடுகிறார்.

அதனால் கத்துவேன் அக்கா. தினமும் மூன்று வேளையும், தொண்டை தாங்குகிற மட்டும் கத்துவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி, நீங்கள் "ஏன்டி" என்று கூப்பிடுவதற்கென்றே இருந்த
சின்னவள்