கவினின்ர புட்போல்

சனி இரவு, டூங்கபி, சிட்னி

பிள்ளையாரப்பா, அமெரிக்காவில புட்போல் எண்டா காலால அடிக்கிற விளையாட்டு இல்லையெண்டு நீயாவது சொல்லியிருக்கலாம். இண்டைக்கு அங்க இருக்கிற தங்கச்சி கிரவுண்டில நிண்டு போனில வீடியோ கோல் எடுத்தவள். அவளின்ர மகன் கவின் ஹெல்மெற்றோட பந்தைக் கட்டிப்பிடிச்சு ஓடுறான். நாலு தடியன்கள் அவனுக்கு மேல விழுறாங்கள்.

முடிஞ்சு வந்தவனிட்ட, "காலால அடிக்கிற சொக்கரை விளையாடன் ராசா," எண்டன்.

"சொக்கரும் இப்ப கனபேர் பாக்கினம் பெரியம்மா. ஆனா எங்கட ஸ்கூல்ல கிரவுண்ட் நிரம்புறது இதுக்குத்தான்," எண்டு சிரிக்கிறான்.

"விடச் சொல்லுங்கோ அக்கா," எண்டு தங்கச்சி அழுறாள். சிட்னியில இருந்துகொண்டு நான் என்னத்தைச் செய்ய? நாளைக்குக் கோயிலுக்கு வந்து, அவனை ரீமில இருந்து எடுத்துவிடு எண்டு உன்னட்டக் கேப்பமெண்டு இருந்தனான். இப்பதான் ஞாபகம் வருது, அவனைப் புட்போல் ரீமில சேர்த்துவிடு எண்டு நேர்த்தி வைச்சு, பதினொரு தேங்காய் உடைச்சதும் நான்தான்.